சம்பந்தியம்மாவுக்காகப் போட்ட தரை

உங்கள் வீட்டுத் தரையை யார் போட்டது என்று கேட்டால் உங்களில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? கடையின் பெயரைச் சொல்வீர்கள். கான்ட்ராக்டரைச் சொல்வீர்கள். வேலை செய்தவன் முகம் ஞாபகம் இருக்கிறதா என்றால் முழிப்பீர்கள். என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். சின்னவர்களைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. கையில் இருக்கும் போனைவிட்டுக் கண்ணைக் கொஞ்சம் இறக்கினால்தானே அவர்களுக்குத் தரை என்று ஒன்று இருப்பது தெரியும்.

எங்கள் வீட்டுத் தரையை நாங்களே போட்டோம். அப்பா, அம்மா, அண்ணன், நான். கொத்தனார் யாரும் கிடையாது. எண்பதுகளில், ஓசூரைச் சுற்றிக் கம்பெனி மேல் கம்பெனியாக வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு கோடை லீவில் போட்டோம். ஒழுங்காகப் போட்டீர்களா என்று உடனே கேட்காதீர்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்பா ஒரு கம்பெனியில் ஃபிட்டர். யானை மாதிரி இருக்கும் இயந்திரங்களைத் தரையில் உட்கார வைத்து, ஒரு மயிரிழை கூடச் சாயாமல் நிறுத்துவது அவர் வேலை. ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அப்போது ராகிக் காடாக இருந்த இடத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. கட்டிய கொத்தனாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. செத்துப் போயிருப்பான். இருந்தாலும் மன்னிக்கவில்லை.

தரைக்குச் சிவப்புச் சாந்து பூசிக் கொடுத்திருந்தான். புதிதில் கண்ணாடி மாதிரி இருந்ததாம். எனக்கு விவரம் தெரிந்த நாளில் அது அப்பளம் மாதிரிப் பெயர்ந்துகொண்டிருந்தது. சிவப்பு முழுக்க எங்கள் காலில் ஏறிவிடும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ளங்கால் சிவப்பு. பள்ளிக்கூடத்தில் எனக்கு மருதாணிக்காலி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவளை ஒரு நாள் நன்றாகச் சாத்தினேன்.

இன்னொரு கூத்து, தரை சரிவு. கையில் இருந்து எலுமிச்சம்பழம் விழுந்தால் அது ஹால் முழுக்க உருண்டு, கட்டிலுக்கு அடியில் புகுந்து, வடக்கு மூலையில் தண்ணீர் வெளியே போக வைத்திருந்த ஓட்டைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். எதைக் கீழே போட்டாலும் அம்மா தேட மாட்டாள். நேராக அந்த மூலைக்குப் போய்க் குனிவாள். ஹாலில் இருந்து சமையலறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு குழி. எங்களுக்குப் பழக்கம், தாண்டிவிடுவோம். வந்தவர்கள் விழுவார்கள்.

சம்பந்தியம்மா விழுந்தார்.

அக்காவை வேப்பனப்பள்ளியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. அவருக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அந்த அம்மாதான் எங்கள் சம்பந்தியம்மா. அக்கா முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவது என்று பேச்சு. அதைப் பேசி முடிக்கத்தான் சம்பந்தியம்மா ஒரு கூடை மாங்காயோடு பஸ் ஏறி வந்தார். வந்தவர் காபி டம்ளரைச் சமையலறையில் வைக்கப்போய், குழியில் காலை விட்டு, கட்டை விரல் நகம் பெயர்ந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா பதறிக்கொண்டு மஞ்சள் அரைத்துப் போட்டாள். அதோடு விட்டிருந்தால் சரி. அந்தம்மா உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்து வெடிப்பில் இருந்து ஒரு தேள் எட்டிப் பார்த்தது. சாவகாசமாக வெளியே வந்தது. அண்ணன் செருப்பால் அடித்தான்.

சம்பந்தியம்மா செத்த தேளையும் தன் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்தத் தரையிலயா எம்பேரப்புள்ள தவழும்? வேணாம் சம்பந்தி. பிரசவம் எங்கூட்லயே நடக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

தலைப்பிரசவம். தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அதை வேண்டாம் என்று ஒருத்தி சொல்வது என்றால் அம்மாவுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி. ஆனாலும் அம்மா சோறு போட்டாள், வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள், பஸ் ஸ்டாப்புக்கு அண்ணனைத் துணைக்கு அனுப்பினாள். திரும்பி வந்து, கொல்லையில் கிடந்த கடப்பாரையை எடுத்து, தேள் வந்த வெடிப்பில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது ஹாலில் பாதி இல்லை. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடப்பாரையோடு நடுவில் நின்றாள். நான் இடிந்த துண்டுகளைச் சட்டியில் அள்ளிக் கொல்லையில் கொட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டை இடிக்கச் சொல்லி எந்தப் பிள்ளைக்கு உத்தரவு கிடைக்கும்?

"என்னா காரியம்டி இது?" என்றார் அப்பா.

"எம்பொண்ணு எங்கூட்டுக்கு வரணும். வளைகாப்புக்குள்ள தரையைப் போடுங்க. ஒரு எலுமிச்சம்பழம் கூட உருளக் கூடாது."

அண்ணன் அப்போது ஐடிஐ படித்துக்கொண்டிருந்தான். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தான். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மிஷினுக்கே மேடை போடுகிறவனுக்கு வீட்டுக்குத் தரை போடத் தெரியாதா, சம்பந்தியம்மா வந்து பார்க்கட்டும் என்றார். அப்பாவுக்கு அந்தக் குணம் உண்டு. யாராவது முடியாது என்று சொன்னால்தான் அவருக்குக் கை பரபரக்கும்.

வீட்டுச் சாமான் எல்லாம் தெருவுக்கு வந்தது. பீரோ ஒரு பக்கம், கட்டில் ஒரு பக்கம், நடுவில் சாமி படங்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்றன. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரித்தார்கள். எதிர்வீட்டுக் கன்னடத்து அத்தை, "ஏனு, மனே காலி மாடுத்தீரா?" என்று கேட்டு, நாங்கள் வீட்டைக் காலி பண்ணவில்லை என்று தெரிந்ததும் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அடுப்பு கொல்லைக்குப் போனது. மூன்று கல் வைத்து அம்மா களி கிண்டுவாள். முருங்கை நிழலில் உட்கார்ந்து, வியர்வையும் புழுதியுமாக, கீரைக் குழம்பில் களியை முக்கி முழுங்குவோம். அந்த ருசியைப் பற்றி நீங்கள் என்னிடம் பேசாதீர்கள். எந்த ஓட்டலிலும் கிடையாது.

பழைய தரைக்கு அடியில் என்ன இருந்தது தெரியுமா? ஜல்லி இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் திருடன் கண்டதையும் போட்டு நிரப்பியிருந்தான். உடைந்த பானை, சாக்குத் துணி, பீடிக்கட்டுக் காகிதம், பாட்டில் மூடி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஒற்றைச் செருப்பு. அவன் செருப்புதான். பெருவிரல் பக்கம் தேய்ந்ததை அப்பா அடையாளம் சொன்னார். இத்தனை வருஷம் நாங்கள் சாமி கும்பிட்டு, சோறு தின்று, படுத்துத் தூங்கியது ஒருத்தன் செருப்பு மேல். அம்மா அதைத் தூக்கி எறியவில்லை. கயிறு கட்டி வாசலில் திருஷ்டிக்குத் தொங்கவிட்டாள். வேலை முடியும்வரை அது அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே போகும்போதெல்லாம் நான் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவேன்.

சுவர் ஓர வெடிப்பில் அக்காவின் தோட்டுத் திருகாணி கிடைத்தது. பொன் திருகாணி. அது தொலைந்த அன்று நான்தான் எடுத்து விளையாடித் தொலைத்தேன் என்று எல்லோரும் முடிவு கட்டி, முதுகில் அம்மா வைத்த அடி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் திருகாணியை உள்ளங்கையில் வைத்து அம்மா முகத்துக்கு நேரே நீட்டினேன். அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று மத்தியானம் எல்லோருக்கும் ஒரு முட்டை, எனக்கு இரண்டு. அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. முட்டை அவிக்கத் தெரியும்.

தரையில் பதிக்கக் கல்லுக்கு வழி சொன்னது பாய். எங்கள் தெருக்கோடியில் இருந்தார். கம்பெனிகளில் பழைய இரும்பு எடுத்து விற்கிற வியாபாரம். ஒரு மாட்டுவண்டியும் தகரக் கொட்டகையும் வைத்திருந்தார். கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடுகிற பட்டறைகளில் உடைந்த துண்டுகளை வேலி ஓரத்தில் கொட்டிவிடுவார்கள், சொல்லிவிட்டு அள்ளிக்கொண்டு வரலாம் என்றார். அப்பாவும் அண்ணனும் நானும் வண்டியில் ஏறினோம். மாட்டுக்குப் பக்கத்தில் எனக்கு இடம்.

அந்தக் கல் குவியலை நான் முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். எல்லாமே சாம்பல் பூசி ஒரே நிறமாகக் கிடந்தது. பாய் ஒரு துண்டை எடுத்து, எச்சில் தொட்டு, லுங்கி ஓரத்தால் தேய்த்துக் காட்டினார். உள்ளே கருப்பு, அதில் வெள்ளி தூவின மாதிரி மினுக்கு. இன்னொன்றைத் தேய்த்தால் ரோஸ். இன்னொன்று பச்சை கலந்த சாம்பல். அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. நாக்கு வறண்டு போகிற அளவுக்குத் துப்பித் துப்பித் தேய்த்தேன்.

"அண்ணே, எல்லாம் ஜப்பானுக்குப் போக வேண்டிய கல்லு," என்றார் பாய். "ஓரம் உடைஞ்சதால ஓசூர்லயே நின்னுடுச்சு. நம்மளை மாதிரி."

திரும்பும்போது கல் மேல் உட்கார்ந்து வந்தோம். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் உட்காருகிற இடம் பிய்ந்து போனது. மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம். அப்பா சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. கம்பெனியில் இருந்து வந்தால் பேப்பர், சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான் அவர். அந்த லீவில்தான் எனக்கு அப்பாவைத் தெரிந்தது.

தரையைத் தோண்டி, மண் நிரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். கனமான கட்டை, இரண்டு பேர் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். அண்ணனும் அம்மாவும் எதிரெதிரே நின்று இடிப்பார்கள். நடுவே ஒரு நாள் சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஓசூர் மழை சொல்லிவிட்டு வராது. தெருவில் கிடந்த படுக்கையை, துணி மூட்டையை, அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பாய் கொட்டகைக்கு ஓடினோம். கன்னடத்து அத்தை இரண்டு சாமி படங்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். பழைய சைக்கிள் ரிம்முக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் முருகரும் லட்சுமியும் உட்கார்ந்தார்கள். பாயின் மனைவி இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தார். தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தோம்.

அதற்கப்புறம் கல் பதிக்கிற வேலை. இங்கேதான் அப்பா கெட்டுப்போனார்.

கம்பெனியில் மேலதிகாரியிடம் கேட்டு, வாசல் கேட்டில் எழுதிக் கொடுத்து, ஒரு ரசமட்டம் கொண்டுவந்தார். கொத்தனார்கள் வைத்திருக்கும் மரக்கட்டை மட்டம் இல்லை. இயந்திரம் நிறுத்துவதற்கு வைக்கிற இரும்பு மட்டம். வெல்வெட் போட்ட பெட்டியில் படுத்திருக்கும். நடுவில் கண்ணாடிக் குழாய், அதில் ஒரு காற்றுக் குமிழி. ஒரு பக்கம் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சொருகினால் போதும், குமிழி நகர்ந்துவிடும். அப்பா அதை எங்களுக்குச் செய்து காட்டினார். அந்தக் குமிழியை எனக்கு இன்றும் பிடிக்கும். உயிருள்ள பூச்சி மாதிரி இருக்கும். அந்த மட்டம் இப்போது எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

கல்லுக்குக் கல் பொருத்தம் பார்ப்பது என் வேலை. உடைந்த துண்டுகள், ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இருக்காது. முக்கோணமாக ஒரு இடம் காலியாக இருக்கும். அதற்குச் சரியான மூக்குள்ள கல்லைக் குவியலில் தேடிக் கொண்டுவர வேண்டும். அண்ணனும் போட்டிக்குத் தேடுவான். நான்தான் ஜெயிப்பேன். ஹால் நடுவில் ஒரு ரோஸ் கல் வைத்தேன், கோழி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அது கோழி இல்லை மூட்டை என்று அண்ணன் இன்றும் சொல்கிறான். அவனுக்குக் கண் சரியில்லை.

நான் கல்லைக் கொடுப்பேன். அப்பா கலவையில் வைப்பார், மரச்சுத்தியலால் தட்டுவார், மட்டத்தை வைப்பார், குமிழியைப் பார்ப்பார். திருப்தி இல்லை என்றால் கல்லைப் பெயர்ப்பார். மறுபடி வைப்பார். இப்படியே ஒரு கல்லுக்கு அரை மணி நேரம். கலவை காய்ந்துபோய் அம்மா மறுபடி பிசைவாள்.

"ஏங்க, இது என்னா மிஷினா, வீடா?"

"வீடுதான். அதுக்காகக் கோணலா இருக்கணுமா?"

கன்னடத்து அத்தை தினமும் வந்து நிலைப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். ஒரு நாள் அவர் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகக் கேட்டார், கழுவினால் தண்ணி எந்தப் பக்கம் போகும் என்று. அப்பா தலையைத் தூக்காமல், "எந்தப் பக்கமும் போகாது. அதுதாங்க லெவல்," என்றார். எவ்வளவு பெருமை அதில். நாங்கள் எல்லோரும் அத்தையைப் பார்த்துச் சிரித்தோம். அத்தையும் சிரித்தார். இப்போது யோசித்தால், அத்தை எங்களைப் பார்த்துத்தான் சிரித்தார் என்று தோன்றுகிறது.

கல் பதித்து முடிந்து, இடுக்கெல்லாம் சிமெண்ட் பால் ஊற்றி, தண்ணீர் கட்டினோம். கலவை இறுகுவதற்காகச் சின்னச் சின்ன வரப்புப் போட்டு வீடு முழுக்கத் தண்ணீர் தேக்கி வைப்பது. அப்பா ஒரு தீக்குச்சியை எடுத்து ஹால் மூலையில் முக்கினார், ரூமில் முக்கினார், சமையலறையில் முக்கினார். நனைந்த அளவு எல்லா இடத்திலும் ஒன்று. தீக்குச்சியை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். பாயைக் கூப்பிட்டுக் காட்டினார். தெருவில் போன தபால்காரரைக்கூட விடவில்லை. அப்புறம் அந்தத் தண்ணீரைக் குவளை குவளையாக முகந்து வெளியே ஊற்றினோம். அப்போதாவது நான்கு பேரில் ஒருத்தருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முகந்து ஊற்றிவிட்டுக் கைதட்டினோம்.

காய்ந்த தரையில் அம்மா எலுமிச்சம்பழத்தை வைத்தாள். வைத்த இடத்தில் இருந்தது. இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். அசையவில்லை. அம்மா அந்தப் பழத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் போய் வாசல் செருப்பை அறுத்து எறிந்தாள்.

சம்பந்தியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், தரையை நானே பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. மத்தியான பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. காலையில் அம்மா குளித்து, மஞ்சள் பூசி, புதுத் தரையை முதல் தடவையாகக் கழுவ ஆரம்பித்தாள். பழைய தரையில் சட்டுச்சட்டென்று தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், கழுவவே முடியாது. இது கல் தரை. ஆசை தீரக் கழுவ வேண்டும் என்று அண்டா நிறையப் பிடித்து வைத்து, அண்ணனும் நானும் குடம் குடமாக ஊற்ற, அம்மா தேய்த்தாள். ஹால், ரூம், சமையலறை எல்லாம்.

தேய்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தோம். தண்ணீர் அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம் பார்த்தோம். போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. அம்மா துடைப்பத்தால் வடக்கு மூலை ஓட்டையைப் பார்த்துத் தள்ளினாள். தண்ணீர் போவது மாதிரிப் போய், சுவரில் முட்டித் திரும்பி வந்து, மறுபடி வீடு முழுக்கச் சமமாகப் பரவி நின்றது.

அப்போதுதான் அப்பா அந்த மூலையைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் உருண்டு போய் நிற்கிற மூலை. தண்ணீர் போகிற ஓட்டை இருக்கிற மூலை. அந்தக் கொத்தனார் பயல் தண்ணீர் ஓடட்டும் என்று வேண்டுமென்றேதான் சரிவு விட்டிருக்கிறான். அவன் எங்கள் வீட்டில் செய்ததில் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் லீவு முழுக்கப் பாடுபட்டு, கம்பெனி மட்டம் வைத்துச் சரிசெய்திருக்கிறோம்.

"வாட்டம் விடலை," என்றார் அப்பா.

அம்மா இடிந்துபோய் நின்றாள். அவள் கண்ணுக்கு முன்னால் தரை இல்லை, அக்காதான் இருந்தாள் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அப்புறம் எல்லோரும் வெறி பிடித்த மாதிரித் தண்ணீரை வாரினோம். துடைப்பம், முறம், சாப்பாட்டுத் தட்டு, சாக்கு. மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று அண்ணன் சொல்லி வாயை மூடவில்லை, வாசலில் ஆள் நிழல் விழுந்தது. காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள்.

முன்னால் சம்பந்தியம்மா, கையில் மாம்பழக் கூடை. பின்னால் அக்கா, வயிறும் தானுமாக. உள்ளே அப்பா கையில் முறம், அண்ணன் கையில் தட்டு, நான் ஈரச் சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அக்கா ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்தாமல் சிரித்தாள்.

"சிரிக்காதடி, வயிறு குலுங்குது," என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்தார்.

"என்னாங்க சம்பந்தி, தண்ணி எந்தப் பக்கம் போவுது?"

"எந்தப் பக்கமும் போவாதுங்க," என்றார் அப்பா. அதே பதில்தான். ஆனால் முறத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சம்பந்தியம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். ஹாலைச் சுற்றினார். ரூமுக்குள் போனார். குழி இருந்த இடத்தில் வந்து நின்று, நகம் பெயர்ந்த காலால் தடவிப் பார்த்தார். எங்கும் பள்ளம் இல்லை. எல்லா இடத்திலும் அந்தம்மா விரல் நகம் முங்குகிற அளவுக்கு ஒரே தண்ணீர். என்ன சொல்லப்போகிறாரோ என்று காத்து நின்ற அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

சம்பந்தியம்மா அம்மாவிடம் வந்து, கையில் இருந்த துடைப்பத்தை வாங்கினார். குனிந்து தள்ள ஆரம்பித்தார். அம்மா இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் சேர்ந்தாள். ஒருத்தர் தள்ளும்போது திரும்பி வந்த தண்ணீர், இரண்டு பேர் சேர்ந்து தள்ளியபோது மூலைவரை போனது.

இரண்டு மூன்று தடவை போய் வந்தபின், சம்பந்தியம்மா நிமிராமலே பேசினார்.

"சீசன் வந்தா எம்பையன் ஃபேக்டரியே கதின்னு கெடக்கறான். இவளும் இங்க வந்துட்டா, அந்த வூட்ல நான் யாருகிட்ட பேசறது?"

அம்மா துடைப்பத்தை நிறுத்தினாள். "அதுக்குத்தான் தரை மேல பழியைப் போட்டீங்களா?"

"தேளு வந்தது நெசந்தானே."

"நெசந்தான்."

மறுபடி தள்ளினார்கள். எனக்கு அம்மா கோபப்படப் போகிறாள் என்றுதான் தோன்றியது. நானாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன். எவ்வளவு கடப்பாரை, எவ்வளவு மண். அம்மா மூலையில் தண்ணீரை ஓட்டைக்குள் தள்ளிவிட்டு, இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தாள்.

"அப்ப நீங்களும் வந்துடுங்க."

"மருமவ வூட்ல போயி மாமியா ஒக்காந்தா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். தண்ணி தள்ள எனக்கும் ஒரு ஆளு வேணும்."

வளைகாப்பு முடிந்த கையோடு அக்கா வந்தாள். கூடவே ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை துணி, இரண்டு கூடை மாம்பழம், சம்பந்தியம்மா. எங்கள் தெருவில் அப்படி ஒரு வழக்கத்தை யாரும் பார்த்ததில்லை. சிரித்தார்கள்தான். கன்னடத்து அத்தை மட்டும் தினமும் வந்து நிலைப்படியில் உட்கார்ந்து, இரண்டு சம்பந்திகளும் துடைப்பத்தோடு சண்டை போடுவதைப் பார்த்துவிட்டுப் போவார். நீங்க மெதுவாத் தள்ளறீங்க, நீங்க வேகமாத் தள்ளறீங்க, என் கால்மேல அடிச்சிட்டீங்க. பாதி நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் கழுவுகிற நேரத்துக்குச் சரியாக இரண்டு பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. அவள் தவழ ஆரம்பிக்கும்வரை சம்பந்தியம்மா போகவில்லை. கையில் எதைக் கொடுத்தாலும் தூக்கி எறிகிற குழந்தை, எறிந்தது எறிந்த இடத்திலேயே கிடக்கும். என் ரோஸ் கோழியின் மேல்தான் முதலில் தவழ்ந்து வந்து உட்கார்ந்தாள். கையால் பட்பட்டென்று அடித்தாள். அப்பா தரையைப் பெயர்த்து வாட்டம் விட்டுப் போடுகிறேன் என்று ஒரு தடவை கேட்டார். இரண்டு சம்பந்திகளும் ஒரே குரலில் கையை வைக்காதீர்கள் என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் இல்லை. அப்பாவும் இல்லை. அண்ணன் பெங்களூரில். நான் கல்யாணம் செய்து போய், திரும்பி இந்த வீட்டுக்கே வந்துவிட்டேன். அது வேறு கதை, உங்களுக்கு வேண்டாம். போன மாசம் டைல்ஸ்காரன் ஒருத்தனை அண்ணன் அனுப்பினான். வந்து பார்த்தான், தண்ணீர் ஊற்றிப் பார்த்தான், தலையில் கை வைத்தான். எவன் போட்டது இது, வாட்டமே இல்லையே என்றான். எவன் இல்லை, நாங்கள் என்று சொல்லி, கிளம்பு என்று வாசலைக் காட்டினேன்.

அன்று தவழ்ந்தவளுக்கு இப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக இங்கே வருவாள். பையை வைப்பாள், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டுவாள், துடைப்பத்தை எடுப்பாள். நான் தண்ணீரை ஊற்றுவேன்.

"ஏன் சித்தி, தாத்தாவுக்கு மூளையே இல்லையா?" என்று ஒவ்வொரு வாரமும் திட்டிக்கொண்டே தள்ளுகிறாள்.

திட்டட்டும். வருகிறாள் அல்லவா.